மூன்று தூண்டில் போதும்: ஒரு சின்ன சரித்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லேக் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், வாட்ஸ்அப்பில் தங்கை மகன். அலபாமாவில் இருக்கிறான். பதினைந்து வயசு. வழக்கமாக அவன் அம்மாதான் பேசுவாள், இவன் பின்னாலிருந்து "ஹாய் மாமா" என்று கையாட்டிவிட்டுப் போய்விடுவான். அன்றைக்கு அவனே கூப்பிட்டிருந்தான்.

"மாமா, என்கிட்ட பதினோரு ராடு இருக்கு. மூணு மட்டும் வெச்சுக்கோ, மிச்சத்தை வித்துடுன்னு அப்பா சொல்லிட்டாங்க. எந்த மூணு?"

விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு. தனி வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு ரூம் அபார்ட்மெண்ட்டுக்குப் போகிறார்கள். கராஜ் கிடையாது. பையன் நான்கு வருடமாக அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிக்கொடுத்தும், பிறந்தநாள் பணத்தைச் சேர்த்தும், பழைய சாமான் விற்கும் இடங்களில் பேரம் பேசியும் வாங்கிய தூண்டில்கள் அத்தனையும் அந்தக் கராஜ் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அவனுக்குப் பாஸ் மீன் பைத்தியம்.

"என்கிட்ட ஏன்யா கேக்குற? எனக்கு மீன் தெரிஞ்சது குழம்பு வரைக்குந்தான்" என்றேன்.

"நீங்கதானே பேங்க்ல எது வேணும் எது வேணாம்னு சொல்றவங்க?"

பி.காம். படித்தவனுக்கு இதைவிட மரியாதை வேறு என்ன வேண்டும்! ஒரு வாரம் டைம் கேட்டேன். ஒரு வாரம் இரண்டு வாரமாகி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தேடித் தேடிப் படித்ததில் நான் எதிர்பார்க்காத ஒரு சரித்திரம் கிடைத்தது. கடைச் சுவரில் வரிசையாக நிற்கும்போது எல்லா ராடும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றும் எப்போதோ யாருக்கோ வந்த ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடித்த பதில். அந்தச் சிக்கல் நமக்கு உண்டா இல்லையா என்று பார்த்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில், எந்த மீன்?

ஹோட்டல் மெனுவில் 'சீ பாஸ்' என்று போட்டிருந்தால் அது நம் கொடுவா. இங்கே வங்காளிகள் கல்யாணத்தில் போடும் பேட்கியும் அதேதான். பையன் பிடிப்பது அது இல்லை. வட அமெரிக்காவின் நன்னீரில் வாழும் கரும் பாஸ். பெரிய வாய், சின்ன வாய் என்று இரண்டு வகை முக்கியம். குணத்தில் பெரிய வாய் பாஸ் நம்ம ஊர் விராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பாசிக்குள்ளும் முங்கிய மரத்தடியிலும் ஒளிந்திருந்து, பக்கத்தில் போகிற சின்ன மீனையோ தவளையையோ ஒரே பாய்ச்சலில் விழுங்கும். இன்றைக்கு நம் ஊரிலும் வங்காளத்திலும் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கும் பையன்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பாஸ் மீனுக்காகச் செய்த சாமான்தான்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ட்ரவுட் மீன்தான் கனவான்களின் மீன். பாஸ் சாதாரண ஜனங்களின் மீன். ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற டாக்டர் 1881-ல் கரும் பாஸுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்த மீனுக்கென்று தனியாகக் கம்பு, தனியாக ரீல் என்ற பேச்சு பரவலானது.

கல்கத்தா மூங்கில்

படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பெண்டாட்டி பயந்துபோய் "என்ன ஆச்சு?" என்றாள். "நம்ம ஊரு பேரு இருக்கு" என்றேன். "அம்பாசமுத்திரமா?" என்றாள். இல்லை, கல்கத்தா. (இப்போது கொல்கத்தா. நான்கு வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு வாயில் கல்கத்தாதான் வருகிறது.)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நல்ல தூண்டில் கம்பு என்றால் மரக் கம்பு. சாம்பல் மரம், லான்ஸ்வுட் என்று பல மரங்களை இணைத்துச் செய்வார்கள். கனமாக இருக்கும், நாளாக ஆக வளைந்துவிடும். 1840-களில் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கி செய்கிறவர், மூங்கிலை நீளவாக்கில் பட்டை பட்டையாகப் பிளந்து, வலுவான வெளிப்பக்கத்தை மட்டும் எடுத்து ஒட்டிக் கம்பு செய்தார். 1870-களில் மெய்ன் மாநிலத்தில் ஹைரம் லியோனார்ட் என்பவர் ஆறு பட்டைகளை ஒட்டும் முறையைப் பிடித்து, பட்டை சீவ இயந்திரமே செய்துவிட்டார். ஆறு முக்கோணப் பட்டைகள் சேர்ந்து ஒரு அறுகோணம். மரத்தைவிட எடை குறைவு, வளைந்தாலும் நேராக நிமிர்ந்துவிடும்.

அந்த மூங்கில் எங்கிருந்து போனது தெரியுமா? இந்தியாவிலிருந்து. கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியதால் அதற்கு 'கல்கத்தா கேன்' என்றே பெயர். நாம் கல் மூங்கில் என்று சொல்கிற, உள்ளே அதிகம் பொள்ளல் இல்லாத இனம். போலீஸ்காரர் கையில் லத்தியாக இருப்பதும் அதுதான். அமெரிக்கர்களுக்கு அதில் ஒரு குறை. பல மூங்கில்களில் தீயால் சுட்ட கறுப்புத் தடம் இருக்கும், சுட்ட இடத்தில் பலம் குறையும். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு தெற்குச் சீனாவிலிருந்து 'டோங்கின்' என்ற இன்னும் நேரான, இன்னும் பலமான மூங்கில் கிடைக்கவும் நம் சரக்குக்கு மார்க்கெட் போய்விட்டது. 1950-ல் சீனாவோடு அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்தியபோது டோங்கினும் நின்றது. அதற்குள் வேறொன்று வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹூக்ளி கரையில் நடக்கப் போகும்போது இப்போதெல்லாம் இந்த நினைப்பு வருகிறது. இங்கே ஏறிய மூங்கில் யாரோ ஒருவர் கையில் வளைந்து ஒரு பாஸ் மீனை இழுத்திருக்கும். ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 'கல்கத்தா' என்ற பெயரிலேயே ஒரு ரீல் போட்டிருக்கிறது. பையனிடம் சொன்னேன். "தெரியும் மாமா, விலை ஜாஸ்தி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

கடிகாரக்காரர்கள்

கம்பின் கதை மூங்கில் என்றால் ரீலின் கதை கடிகாரம்.

1810-லிருந்து 1820-க்குள் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற சின்ன ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் தனக்காக ஒரு ரீல் செய்தார். பாஸ் பிடிக்கத்தான். அதுவரை கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளையும் ஒரு சுற்றுதான் சுற்றும். இவர் கடிகாரப் பல்சக்கரங்களை வைத்து, கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை பல சுற்று சுற்றும்படி செய்தார். இங்கிலாந்தில் அப்படி ஒரு ஜாதி ரீல் முன்பே உண்டு. ஆனால் கடிகாரத்துக்கு உண்டான நுணுக்கத்தோடு, ஊதினால் சுற்றும் அளவுக்குச் செய்தது கென்டக்கிக்காரர்கள்தான். ஸ்னைடரைப் பார்த்து ஃபிராங்ஃபர்ட் நகரின் மீக் சகோதரர்கள், அவர்களிடம் தொழில் பழகிய மிலம் என்று ஒரு பரம்பரையே உருவாகிவிட்டது.

உருளை லேசாகச் சுற்றுவதில் என்ன லாபம்? சின்ன உயிர் மீனை இரையாகக் கோர்த்து வீசினால், அதன் எடையே நூலை இழுத்துக்கொண்டு தூரம் போகும். நஷ்டமும் அதிலேயே இருக்கிறது. இரை தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே போக இடமில்லாத நூல் உருளையிலேயே கலைந்து குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். இங்கே விஸ்வகர்மா பூஜை அன்றைக்கு மொட்டைமாடியில் பட்டம் விடும் பசங்களின் லாட்டாயைப் பார்த்திருக்கிறீர்களா? நூல் தளர்ந்த நேரத்தில் உருளை ஓடினால் என்ன கதியோ அதேதான். அதனால் கட்டைவிரல் உருளைமேலேயே இருக்க வேண்டும். அந்தக் கட்டைவிரல் பழக ஒரு சீசன் ஆகுமாம்.

1890-களில் இன்னொரு மாற்றம். மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் மரத்தில் தவளை செதுக்கி வீசிப் பாஸ் பிடித்தார். (தேனீ வளர்ப்பிலும் பேர்பெற்றவர் இவர்.) சும்மா செதுக்கிய ஒரு மரத்துண்டைக் குளத்தில் எறிந்ததும் ஒரு பாஸ் அதை அடித்துத் தூக்கியது, அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். பொய் இரைத் தொழில் அங்கேயே வளர்ந்தது. உயிர் மீனைப் பதமாக வீச நீளமான மெல்லிய கம்பு தேவை. மரத்துண்டை விசையோடு வீச அது சரிப்படாது. கம்பு குட்டையாகி, விறைப்பாகியது. இரை மாறினால் கம்பு மாறும் என்ற வழக்கம் இங்கே ஆரம்பம்.

இதில் ஒரு வேடிக்கை. அதற்குப் பின்னால் வந்த பெரிய ரீல்கள் எல்லாவற்றிலும் கடிகார வாசனை அடிக்கிறது. மூன்று மட்டும் சொல்கிறேன். பையனுடைய சுவரில் இந்த மூன்று ஜாதியும் இருந்தன.

ஒன்று, ஸ்பின்னிங் ரீல். 1905-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற கம்பளி மில் முதலாளி இதற்குக் காப்புரிமை வாங்கினார். இதில் உருளை சுற்றவே சுற்றாது. மில்லில் கதிரின் நுனி வழியாக நூல் உருவிக்கொண்டு வருவதைப் பார்த்த கண்ணுக்குத் தோன்றிய யோசனை என்பார்கள். (கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.) சுற்றாத உருளையில் குருவிக்கூடு பயம் குறைவு. அதைவிட முக்கியம், உருளையைச் சுற்றவைக்க இரைக்கு எடை வேண்டியதில்லை, அதனால் மிக லேசான இரையையும் வீசலாம். இந்த ஜாதியை அமெரிக்க ஜனங்களிடம் கொண்டு சேர்த்ததில் பெரிய பங்கு மிட்செல் ரீலுக்கு. 1940-களின் கடைசியில் வந்தது. செய்தவர்கள் பிரான்சில் குளூஸ் என்ற ஊர்க்காரர்கள். அது கடிகார உதிரிபாகங்கள் செய்யும் பள்ளத்தாக்கு.

இரண்டு, ஸ்வீடனின் அம்பாசடர் 5000. 1952-ல் வந்தது. செய்த ஆபு கம்பெனி 1921-ல் கடிகாரத் தொழிற்சாலையாகப் பிறந்தது. பிறகு டாக்ஸி மீட்டர் செய்தார்கள். உலகப் போர் வந்து டாக்ஸி ஓட்டம் படுத்ததும் ரீல் பக்கம் திரும்பினார்கள். சுற்றும் உருளைதான். ஆனால் உள்ளேயே பிரேக் வைத்திருந்தார்கள். கட்டைவிரலின் வேலையில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. சிவப்பு நிறத்தில், பார்த்தால் இன்றைக்கும் ஆசை வரும்.

மூன்றாவதுதான் தமாஷ். ஓக்லஹோமாவின் டல்சாவில் 'ஸீரோ அவர் பாம் கம்பெனி' என்று ஒன்று. எண்ணெய்க் கிணறுகளுக்கு டைம் பாம் செய்கிறவர்கள். காப்புரிமைக் காலம் முடியப் போகிறது, வேறு பிழைப்பு தேட வேண்டும். 1947-ல் ஆர்.டி. ஹல் என்ற டெக்ஸாஸ் கடிகாரக்காரர் ஒரு யோசனையோடு வந்து கதவைத் தட்டினார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர், சுற்றாமல் நிற்கும் கண்டிலிருந்து நூலை உருவுவதைப் பார்த்து வந்த யோசனையாம். ஸ்பின்னிங் போலவேதான், ஆனால் மேலே மூடி, பின்னால் ஒரு பொத்தான். அழுத்தி, வீசி, விட்டால் போதும். 1949-ல் விற்பனைக்கு வந்தது. கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஜெப்கோ'. 1954-ல் வந்த அதன் 33-ஆம் நம்பர் ரீலில்தான் அமெரிக்காவில் எத்தனையோ குழந்தைகள் முதல் மீனைப் பிடித்தார்கள்.

வேலையும் சந்தையும் போய்விட்ட இடத்திலிருந்துதான் இதில் இரண்டு பிறந்தது. படிக்கும்போது மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடி, அணைக்கட்டு, இன்சூரன்ஸ் ஏஜெண்ட்

மூங்கிலுக்குப் பதிலாக வந்தது கண்ணாடி இழை. ஆர்தர் ஹோவால்ட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த முறையில் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1947-ல் 'ஒண்டர்ராட்' போட்டது. விலை மலிவு, மழையில் நனைந்தாலும் கவலையில்லை. கிட்டத்தட்ட அதே சமயம் பட்டு நூல் போய் நைலான் நரம்பு வந்தது. பட்டு நூலை ஒவ்வொரு நாளும் மீன்பிடித்து வந்ததும் உருவிக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் மட்கிவிடும். அந்த வேலை மிச்சம். 1973-ல் ஃபென்விக் கம்பெனி கார்பன் இழைக் கம்பைக் கொண்டுவந்தது. கண்ணாடியைவிட லேசு, விறைப்பு அதிகம். நூலின் நுனியில் மீன் லேசாகத் தொட்டாலும் கையில் தெரியும்.

மீனின் வீடும் மாறியது. 1933-ல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அமைந்த பிறகு வரிசையாக அணைகள். என் தங்கை குடும்பம் மீன்பிடிக்கப் போகும் கன்டர்ஸ்வில் அணை 1939-ல் முடிந்தது. தெற்கு மாநிலங்கள் முழுக்கப் புதிய ஏரிகள், அவற்றுக்குள் முங்கிய மரங்களும் பாசியும். பாஸுக்குச் சொர்க்கம். மெல்லிய கம்போடு போனால் மீன் மரத்தைச் சுற்றி நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். கம்பு தடித்தது.

அப்புறம் வந்தார் ரே ஸ்காட். அலபாமாவின் மான்ட்கோமரியில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். 1967 ஜூனில் அர்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு போட்டி நடத்தினார். நுழைவுக் கட்டணம் 100 டாலர், வந்தவர்கள் 106 பேர், முதல் பரிசு 2,000 டாலர். அடுத்த வருஷம் பாஸ் மீனவர் சங்கம் ஆரம்பித்தார். 1971-ல் முதல் 'கிளாசிக்' போட்டி. 24 பேரை விமானத்தில் ஏற்றி, மேலே பறந்த பிறகுதான் ஏரி எது என்று சொன்னார்கள். பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைப் பரப்பியதிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ராடு எண்ணிக்கை ஏறியதன் ரகசியம் இந்தப் போட்டிகளில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. இரையை அவிழ்த்து வேறு இரை கட்ட இரண்டு நிமிஷம். நாளைக்கு முப்பது தடவை மாற்றினால் ஒரு மணி நேரம் போச்சு. பரிசுப் பணத்துக்கு மோதுகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் காசு. அதனால் பத்துப் பன்னிரண்டு ராடில் முன்கூட்டியே இரை கட்டிப் படகின் மேல்தட்டில் பரப்பிவைப்பான். ஒரு ராடு அவனுக்கு ஒரு நேரச் சேமிப்பு. கடைக்காரர் அந்தப் படத்தைக் காட்டி நமக்கும் பன்னிரண்டு விற்கிறார். கரையில் நின்று மீன் பிடிக்கும் பையனுக்கு அந்த இரண்டு நிமிஷம் செலவே இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்.

போட்டிகளால் நல்லதும் நடந்தது. கலிபோர்னியாவின் டீ தாமஸ் நீளமான கம்பை வைத்துக்கொண்டு, வீசாமல், நாணல் இடுக்கில் சத்தமில்லாமல் இரையை இறக்கும் முறையைக் கொண்டுவந்து 1975-ல் அர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் ஜெயித்தார். கம்பு எட்டடிக்குமேல் கூடாது என்று சங்கம் விதி போட்டது. அவர் ஏழரை அடியில் தடித்த கம்பு வைத்துக்கொண்டார். இன்றைக்குக் கடையில் 'ஹெவி' என்று விற்கும் ஜாதிக்கு அதுதான் மூதாதை. அதே 1970-களில் அலபாமாக்காரரான லூ சில்ட்ரி, ஜப்பானில் ஷிமானோவிடம் செய்யச் சொல்லி, உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான ரீலைக் கொண்டுவந்தார். இப்போதைய காஸ்டிங் ரீல்களுக்கு அந்த உருவம்தான்.

கணக்கு

இரண்டு வாரம் கழித்துப் பையனைக் கூப்பிட்டேன். பதினொன்றையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். வங்கியில் ஸ்டாக் இன்ஸ்பெக்ஷன் போவது மாதிரிதான். காஸ்டிங் ஐந்து, ஸ்பின்னிங் மூன்று, பொத்தான் ரீல் இரண்டு, ரீல் இல்லாத கண்ணாடி இழைக் கம்பு ஒன்று.

"போன வருஷம் எதுல எத்தனை நாள் போன?" என்று கேட்டேன். பத்தில் எட்டு நாள் இரண்டே ராடு. மிச்சம் ஒன்பதும் சுவர் அலங்காரம். பேங்க் பாஷையில் டெட் ஸ்டாக்.

என் சிபாரிசு இது. உங்கள் வீட்டிலும் யாராவது இந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தால் உதவும்.

1. ஒரு ஸ்பின்னிங். ஆறரையிலிருந்து ஏழு அடி, மீடியம் பலம், நுனி மட்டும் வேகமாக வளைகிற கார்பன் கம்பு. 2500 சைஸ் ரீல், எட்டு அல்லது பத்து பவுண்டு நரம்பு. இல்லிங்வொர்த்தின் சிக்கல், அதாவது லேசான இரை. தண்ணீர் தெளிந்து மீன் உஷாராக இருக்கும் நாளில் இதுதான் கைகொடுக்கும்.

2. ஒரு காஸ்டிங். ஏழு அடி, மீடியம் ஹெவி. பன்னிரண்டிலிருந்து பதினைந்து பவுண்டு நரம்பு, கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்று வரும் ரீல். ஸ்னைடரின் சிக்கல், கொஞ்சம் எடையுள்ள இரையைக் குறிபார்த்துத் தூரமாக வீசுவது. ஒரே ஒரு ராடுதான் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. மூன்றாவதை ஏரி முடிவு செய்யும். பாசி மண்டிய ஏரி என்றால் டீ தாமஸ் ஜாதி: ஏழே கால், ஏழரை அடியில் ஹெவி, பின்னல் நூல், ரப்பர் தவளை. திறந்த தண்ணீர், கல் கரை என்றால் கண்ணாடி இழை கலந்த கம்பு. வாயகன்ற பிளாஸ்டிக் மீனை இழுக்கும்போது கண்ணாடி மெதுவாக வளைந்து கொடுக்கும், மூன்று முள் கொக்கி மீன் வாயிலிருந்து பிய்ந்து வராது. கார்பன் வந்து ஐம்பது வருஷம் ஆகியும் கண்ணாடிக்கு இந்த ஒரு வேலை மிச்சமிருக்கிறது.

காசு குறைவென்றால் கம்பில் பிடிக்கலாம், ரீலில் பிடிக்க வேண்டாம் என்று சிலர், அதற்கு நேர்மாறாகச் சிலர். நான் படித்தவரை லேசான இரைக்குக் கம்பு முக்கியம், காஸ்டிங்குக்கு ரீல் முக்கியம். மட்டமான காஸ்டிங் ரீலில் குருவிக்கூடு எடுத்தே வாழ்நாள் போய்விடும்.

கன்டர்ஸ்வில் பாசிக்குப் பேர்போன ஏரி. அதனால் மூன்றாவது ஹெவி என்று முடித்துவிட்டேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாமா, ஒண்ணு ரெண்டு ஓகே. மூணாவது அந்தப் பொத்தான் ரீல் வெச்சுக்கட்டுமா?"

எனக்குப் புரியவில்லை. என் பட்டியலில் முதலில் கழிந்ததே அதுதான். குழந்தைகள் சாமான். "ஏன்யா?"

"அப்பா இப்ப என்கூட வர்றாங்க. காலைல. அவங்களுக்கு வேற எதுவும் வீச வராது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. எந்த மீனுக்கு, எந்த இரைக்கு, எந்த ஏரிக்கு என்று எல்லாம் எழுதிய நான், யார் கைக்கு என்று எழுதவில்லை.

அன்றைக்கு அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அவனுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் மாமா சொல்கிறேன் என்று கேட்டான். 1932 ஜூன் 2. பொருளாதார மந்தத்தின் நடு. ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி. அப்பா இல்லை, குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன். மழை பெய்து வயலில் வேலை நடக்காததால் நண்பனோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனான். கையில் ஒரே ஒரு மலிவு ராடும் ரீலும். ஒன்றரை டாலர்கூடப் பெறாது என்று பிற்காலத்தில் சொன்னார். அதில் சிக்கியது 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோ பாஸ். எடைபோட்டார்கள், பத்திரிகைப் போட்டிக்கு எழுதிப்போட்டார்கள், மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா ஒரு அவுன்ஸுக்கும் குறைவான வித்தியாசத்தில் அதைச் சமன் செய்தார். சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பெர்ரியின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

எட்டு ராடும் இரண்டு சனிக்கிழமைகளில் விற்றுப்போயின. வந்த பணத்தை அம்மாவிடம் கொடுத்தானாம். தங்கை அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆனது, உடனே பேச்சை மாற்றிவிட்டாள்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏரிக்கரை, பனி. மாப்பிள்ளை பொத்தான் ரீலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கையில் ஒரு சாண் நீளத்தில் ஒரு பாஸ். அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தான். வேலைக்கு இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் பரண்மேல் இப்படி ஒரு தூண்டிலோ, கிரிக்கெட் மட்டையோ, ஆர்மோனியமோ இருக்கும். அடுத்த மாற்றல் வரும்போது பட்டியல் போடத்தான் போகிறீர்கள். அப்போது யார் கைக்கு என்ற அந்தக் கடைசி வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.